ஓரடிக் காம்பும் ஒரு நாற்காலியும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சலினாஸ் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. லெட்டூஸ் என்னும் இலைக்காய்கறிக்குப் பேர்போன அந்தப் பூமியில், சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதியிலும், மெக்ஸிகோவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் கூலிக்கு வந்தவர்களும் அவர்களுடைய மக்களும், விடிந்தது முதல் பொழுது சாயும் வரை, இடுப்பில் இரண்டாக மடிந்தபடியே வயல் வரிசைகளில் நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது ஓரடி முதல் இரண்டடி வரையே நீளமுள்ள காம்பு பூட்டிய ஒரு களைக்கொட்டு. ஸ்பானிய மொழி பேசிய தொழிலாளர்கள் அதற்கு ‘எல் கொர்த்தீத்தோ’, அதாவது ‘குட்டையன்’, என்று பெயரிட்டிருந்தார்கள். நெருங்கி முளைத்த நாற்றுக்களில் பத்துப் பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒன்றை நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கொத்தி எறிய வேண்டும். இரண்டு நாற்றுக்கள் ஒட்டி நின்றால் விரலால் ஒன்றைப் பிரித்துக் களைய வேண்டும். ஒரு கை கொத்த, மறு கை களைய, கால்கள் மெல்ல நகர, முதுகு மட்டும் மணிக்கணக்கில் நிமிராமலே இருக்கும்.

இந்தக் குட்டைக் காம்புக்கு நிலச்சொந்தக்காரர்கள் சொன்ன நியாயம் பார்வைக்குப் பொருத்தமாகவே இருந்தது. நாற்று மெல்லியது, நின்றபடி நீண்ட காம்பால் கொத்தினால் குறி தவறும், நல்ல செடி வெட்டுப்படும், விளைச்சல் குறையும், தொழிலே நஷ்டத்தில் முடியும் என்றார்கள். ஆனால் பருத்தி போன்ற மற்றப் பயிர்களின் வயல்களில் நீண்ட காம்புக் கருவிகள் தாராளமாகப் புழங்கிக்கொண்டிருந்தன. லெட்டூஸ் வயலில் குட்டையன் பிடிவாதமாக நீடித்ததற்கு வேறொரு காரணமும் உண்டு என்பதை வேலை செய்தவர்கள் எல்லோரும் அறிந்திருந்தார்கள். குட்டைக் காம்பை வைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பவன் வேலை செய்ய முடியாது. ஆகவே, நூறு பேர் குனிந்திருக்கும் வயலின் ஓரத்தில் நிற்கும் கங்காணி, தலை நிமிர்ந்தவன் எவன் என்பதை ஒரே பார்வையில் கண்டுகொள்வான். வேலைக்கு வேண்டிய குனிவும், மேற்பார்வைக்கு வேண்டிய குனிவும் அந்த ஓரடிக் காம்பில் ஒன்றாகக் கலந்துவிட்டன.

பண்ணைத் தொழிலாளர்களின் தலைவராகப் பிற்காலத்தில் புகழ்பெற்ற சீசர் சாவேஸ், இளமையில் அந்தக் கருவியோடு பாடுபட்டவர். வாழ்நாள் முழுவதும் முதுகு வலியால் அவதிப்பட்டவர். அப்படி அவதிப்பட்டவர்கள் ஏராளம் என்பதைக் கண்ட கலிபோர்னியா கிராமியச் சட்ட உதவி நிறுவனத்தின் இளம் வழக்கறிஞர் மாரிஸ் ஜூர்டேன், 1972இல், இந்தக் கருவியைத் தடை செய்ய வேண்டும் என்று மாநிலத்தின் தொழிற் பாதுகாப்பு அமைப்பிடம் மனுச் செய்தார். அபாயகரமான கைக்கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி ஏற்கெனவே இருந்தது. மருத்துவர்கள் வந்து சாட்சி சொன்னார்கள். தொழிலாளர்கள் தங்கள் முதுகின் கதையைச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கேட்ட பிறகு 1973இல் பாதுகாப்பு வாரியம் மனுவைத் தள்ளிவிட்டது. அதற்கு அது சொன்ன சமாதானம் விசித்திரமானது. அபாயகரமான கருவி என்றால் பிடி கழன்றது, அலகு பிளந்தது, சரியாகச் செய்யப்படாதது என்றுதான் பொருள். நல்ல நிலையில் இருக்கும் ஒரு கருவியைப் பயன்படுத்துவதால் மனிதனுக்கு நேரும் கெடுதலுக்கு அந்த விதி பொருந்தாது என்பது வாரியத்தின் வாதம். கருவி உடையாமல் இருந்தால் போதும், மனிதன் உடைந்தால் பாதகமில்லை என்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று எனக்கு விளங்கவில்லை.

1975 ஜனவரியில் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், விதியை அவ்வளவு குறுக்கிப் பொருள்கொண்டது தவறு என்று தீர்ப்பளித்தது. செய்நேர்த்தியில் குற்றமில்லாத கருவியாயினும், எந்த விதத்தில் அது பயன்படுத்தப்பட வேண்டுமோ அந்த விதமே தேகத்துக்குத் தீங்கு செய்யுமானால், அதுவும் அபாயகரமான கருவிதான். அவ்வாண்டு ஏப்ரலில் குட்டையன் வயலை விட்டு வெளியேறியது. லெட்டூஸ் சாகுபடி அழிந்துவிடவில்லை. இன்றைக்கும் அமெரிக்காவில் விளையும் லெட்டூஸில் பெரும்பகுதி அந்த மாநிலத்திலேயே விளைகிறது. குட்டையன் இப்போது ஸ்மித்ஸோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

குனிவதில் அப்படி என்ன கெடுதல்? நம் பாட்டிமார் குனிந்து கோலம் போடவில்லையா, நாற்று நடவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே, ஆனால் அந்தப் பாட்டிமார் அறுபது வயதில் எப்படி நடந்தார்கள் என்பதையும் உடன் நினைத்துப் பார்க்க வேண்டும். முதுகெலும்பின் அடிப்பகுதியைப் பழைய காலத்துத் தூக்குக்கோலுக்கு ஒப்பிடலாம். தூக்கும் கயிற்றுக்கு ஒரு பக்கம் கோல் குறுகியும் மறு பக்கம் நீண்டும் இருப்பதால், நீண்ட பக்கத்துச் சிறு குண்டு குறுகிய பக்கத்துப் பெரும் பாரத்துக்கு ஈடுகொடுக்கிறதல்லவா? உடம்பில் இந்தக் கணக்கு நமக்குப் பாதகமாக அமைந்திருக்கிறது. குனியும்போது தலை, கைகள், மார்பு ஆகிய அத்தனையின் பாரமும் இடுப்பிலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் முன்னே போய்விட, அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் தசைக்கு 5 சென்டிமீட்டர் தூரமே வாய்த்திருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இடுப்புக்கு மேலே 35 கிலோ இருக்குமானால், அவர் வெறுங்கையோடு குனிந்தாலும் அந்தத் தசை 140 கிலோவுக்குச் சமமான விசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. இழுப்பு முழுவதும் முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் தட்டுக்களை நசுக்குகிறது.

ஜெர்மனியில் உல்ம் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் இதை ஊகத்துக்கு விடாமல், ஒரு மனிதருடைய முதுகெலும்பின் நான்காவது, ஐந்தாவது இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டுக்குள்ளேயே நுண்ணிய அழுத்தமானியைச் செருகி, அவர் படுத்து, எழுந்து, நடந்து, பளு தூக்கும் வரையில் ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் அளந்து 1999இல் வெளியிட்டார்கள். ஒரே ஒருவரிடம் அளந்ததுதான். எனினும் அந்த எண்கள் சொல்லும் செய்தி தெளிவானது. சாதாரணமாக நிற்கையில் இருந்த அழுத்தத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், மல்லாந்து படுக்கையில் அது ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தது. 20 கிலோ பளுவை முதுகை வளைத்துக் குனிந்து தூக்கியபோது நாலரைப் பங்குக்கு மேல் ஏறியது. முழங்காலை மடித்துத் தூக்கியபோது சுமார் மூன்றரைப் பங்கு. அதே பளுவை மார்போடு அணைத்துப் பிடிக்கையில் இரண்டு பங்குக்குச் சற்று மேலாக இருந்தது, 60 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தபோது மூன்றரைப் பங்கைத் தாண்டியது. பளுவை உடம்போடு சேர்த்துப் பிடி என்று மூட்டை தூக்கும் மேஸ்திரிகள் புதிதாக வந்த பையன்களுக்குச் சொல்லிக்கொடுப்பதற்கு ஜெர்மனியிலிருந்து வந்த அத்தாட்சி இது.

பளுவைவிட அமைதியாகத் தீங்கு செய்வது அசையாமை. முதுகெலும்புத் தட்டுக்களுக்குச் சொந்தமாக ரத்த ஓட்டம் கிடையாது. அழுத்தம் கூடும்போது நீரை வெளியேற்றியும் குறையும்போது உறிஞ்சியும் அவை தமக்கு வேண்டிய போஷாக்கைச் சுற்றிலுமிருந்து பெறுகின்றன. ஒரே நிலையில் மணிக்கணக்காக வைத்திருந்தால் அந்தப் போக்குவரத்து தடைப்படுகிறது. ஆகவே, மிகச் சிறந்த இருப்பு நிலை எது என்று கேட்பவர்களுக்கு, அடுத்தபடி மாறப்போகும் நிலைதான் என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலையை உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் பணிச்சூழலியல் என்ற சாஸ்திரத்தின் பெயரைக் கேட்டதும் விலை உயர்ந்த சுழல் நாற்காலியும் கம்ப்யூட்டர் மேஜையுமே பலர் நினைவுக்கு வருகின்றன. அவற்றை விற்பவர்கள் செய்த புண்ணியம் அது. அந்த நாற்காலியில் உட்காருபவருக்குத் தாம் விரும்பும்போது எழுந்து போய்க் காப்பி குடித்துவிட்டு வரும் சுதந்திரம் இருக்கிறது. அந்தச் சுதந்திரமே அவருக்குப் பாதி வைத்தியம்.

தொழிலால் வரும் நோய்களை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர் இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி. மோதேனா நகரத்தில் அவர் வீட்டு மலக்குழியைச் சுத்தம் செய்ய வந்த ஒருவன், மூச்சு வாங்க, என்றுமில்லாத அவசரத்தோடு வேலை செய்வதைக் கண்டு, ஏனப்பா இவ்வளவு வேகம் என்று கேட்டாராம். இந்தக் குழிக்குள் நாலு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கண் போய்விடும் என்று அவன் சொன்ன பதிலிலிருந்தே அவருடைய ஆராய்ச்சி பிறந்தது. தொழிலாளரின் வியாதிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1700இல் வெளிவந்தது. ஏழை நோயாளியின் வீட்டுக்குப் போகும் வைத்தியர், அவசரமாக நாடி பார்த்துவிட்டு ஓடாமல், கிடைத்த முக்காலியில் உட்கார்ந்து, நீ என்ன தொழில் செய்கிறாய் என்று கேட்க வேண்டும் என்பது அவருடைய உபதேசம். தச்சர், கொல்லர் போல நின்றுகொண்டே வேலை செய்பவர்களுக்குக் கால் நரம்புகள் புடைப்பதையும், எழுத்தர்களுக்கு ஓயாத இருப்பாலும் கையின் இடைவிடாத அசைவாலும் வரும் நோய்களையும் அவர் அந்நூலில் குறித்திருக்கிறார். நம் வைத்தியசாலைகளில் இன்றும் வயது, பெயர், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் கேட்கிறார்கள்; தொழில் என்ன என்பது விடுபட்டுப்போகிறது.

ராமஸ்ஸினி சொன்ன அந்த நிற்கும் வியாதியைக் காண நாம் இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. ஆடி மாதத்தில் தியாகராய நகரத்துப் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் ஏறினால் போதும். காலையில் கடை திறந்ததிலிருந்து இரவு சாத்தும் வரையில், அலமாரியிலிருந்து எடுத்து, விரித்து, முந்தானையைத் தோளில் போட்டுக் காட்டி, வேண்டாமென்றதும் மடித்து அடுக்கிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்கள், கூட்டம் இல்லாத வேளையிலும் நின்றுகொண்டேதான் இருக்கிறார்கள். சற்று நேரம் கவனித்துப் பார்த்தால், உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுவதும், செருப்பிலிருந்து குதிகாலை மெல்ல உருவிக்கொள்வதும், பின்னாலிருக்கும் அலமாரியில் யாரும் பார்க்காமல் இடுப்பைச் சாய்ப்பதும் தெரியும்.

காலில் இறங்கிய ரத்தத்தைப் பூமியின் ஈர்ப்புக்கு எதிராக இருதயத்துக்கு மேலேற்றுவது கெண்டைக்கால் தசையின் வேலை. நடக்கும்போது அது சுருங்கிச் சுருங்கி ரத்தத்தைத் தள்ள, சிரைகளுக்குள் இருக்கும் சிறு தடுக்கிதழ்கள் அது திரும்பி இறங்காமல் காக்கின்றன. அசையாமல் நிற்கும்போது தள்ளுவார் இல்லை. ரத்தம் தேங்குகிறது, சிரை விரிகிறது, விரிந்த சிரையில் தடுக்கிதழ்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. சாயங்காலம் கால் வீங்குகிறது. சில வருஷங்களில் நரம்பு சுருட்டிக்கொள்கிறது. கவனியாமல் விட்டால் கணுக்காலில் ஆறாத புண். கால் மணி நேரம் உட்கார்ந்து பாதத்தை அசைப்பதால் இதில் எவ்வளவோ தடுக்கலாம். அந்தக் கால் மணி நேரத்துக்கு வழி இல்லாதபடி செய்தது எது? இங்கும் ஒரு கண்தான். உட்கார்ந்திருக்கும் பணிப்பெண் சோம்பேறி என்று முதலாளி நினைப்பார், மரியாதை தெரியாதவள் என்று வாடிக்கையாளர் நினைப்பார் என்று மேலாளர் பயப்படுகிறார். சலினாஸ் பள்ளத்தாக்கில் நிமிர்ந்தவன் குற்றவாளி. நம் கடைத்தெருவில் உட்கார்ந்தவள் குற்றவாளி.

கேரளத்தில் கோழிக்கோட்டுக் கடைத்தெருவில், தையல் தொழில் செய்துவந்த விஜி என்ற பெண்மணி ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உண்டாக்கி, கழிப்பறைக்கும் இருக்கைக்குமாக வருஷக்கணக்கில் போராடியதன் பயனாக, 2018இல் அந்த மாநிலத்துக் கடைகள் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கிடைத்தது. தமிழ்நாடு சட்டமன்றமும் 2021 செப்டம்பரில், 1947ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு நிறுவனத்திலும் எல்லா ஊழியர்களுக்கும் ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் அவர்கள் உட்கார முடிய வேண்டும் என்பதே அதன் சாரம். தொழிற்சாலையில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இந்த வசதியை 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆவது பிரிவே தந்துவிட்டது. இங்கிலாந்திலோ, கடையில் வேலை செய்யும் மூன்று பெண்களுக்கு ஓர் ஆசனமாவது வைக்க வேண்டும் என்று 1899லேயே தனிச் சட்டம் செய்தார்கள். விக்டோரியா மகாராணி உயிரோடிருந்த காலத்தில் அங்கே முடிந்த காரியத்துக்கு நமக்கு 2021 வரை பிடித்திருக்கிறது.

சட்டத்தோடு காரியம் முடிந்துவிடுவதும் இல்லை. கலிபோர்னியாவில் குட்டைக் காம்பைத் தடுத்த பிறகு, சில பண்ணைகள் காம்பே இல்லாமல் கையாலேயே களை பறிக்கச் சொல்லின. முதுகு பழையபடி மடிந்தது. அதைக் கட்டுப்படுத்தத் தனி விதி வருவதற்கு 2004 ஆயிற்று. அதிலும் இயற்கை வேளாண்மைப் பண்ணைகளுக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். ரசாயனம் படாத கீரையை விரும்பி வாங்குகிறவர்கள், அதன் களை யாருடைய இடுப்பின் செலவில் பறிக்கப்பட்டது என்பதை அறிவதில்லை. நம் ஊரிலும் கடையின் மூலையில், சட்டத்துக்கு அடையாளமாக, நாலு பிளாஸ்டிக் ஸ்டூல்கள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி வைத்திருப்பதைக் காணலாம். அடுக்கு கலையாமல் இருந்தால், அதில் யாரும் உட்காருவதில்லை என்று அர்த்தம்.

உண்மையில் உதவ நினைக்கும் கடைக்காரர் செய்யக்கூடியவை சொற்பச் செலவு பிடிப்பவை. இருக்கை, வேலை செய்யும் இடத்திலேயே, கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பாதம் தரையிலோ ஒரு கட்டையிலோ படியும் உயரத்தில் இருக்க வேண்டும். விற்பனை மேஜையின் அடியில் ஒரு கம்பி பொருத்தினால், நிற்கும் நேரத்திலும் ஒரு பாதத்தை மாற்றி மாற்றி அதில் வைத்துக்கொள்ளலாம். பளிங்குத் தரையில் ரப்பர் விரிப்புப் போடலாம். கனமான ரகங்களை முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தட்டுகளிலும், லேசான ரகங்களை மேலும் கீழும் அடுக்கலாம். இவற்றில் எதற்கும் நிபுணர் வர வேண்டியதில்லை. அங்கே வேலை செய்கிற பெண்ணைக் கேட்டாலே எந்தத் தட்டு எட்டவில்லை என்று சொல்லிவிடுவாள். அவளைக் கேட்பதுதான் வழக்கத்தில் இல்லை.

கட்டட வேலையிலும் இதே நியாயம். நம் தேசத்தில் சிமென்ட் மூட்டை 50 கிலோ. சகல வசதிகளும் அமைந்த சூழ்நிலையில்கூட ஒருவர் இரு கையாலும் தூக்கும் பளு 23 கிலோவைத் தாண்டாதிருப்பது நலம் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. இங்கிலாந்தில் 25 கிலோ மூட்டையே வழக்கமாகிவிட்டது. சிமென்டை இயற்கை 50 கிலோ கட்டாகப் படைக்கவில்லை. பையைத் தைத்தவர் தீர்மானித்தது அது. சுமக்கிறவரை இடுப்புப்பட்டை கட்டிக்கொள்ளச் சொல்வதைவிடப் பையைச் சிறிதாக்குவது உத்தமமான காரியம். விபத்து நேர்ந்ததும் தொழிலாளியின் அஜாக்கிரதை என்று எழுதி முடித்துவிடும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருப்பதால், பையின் எடையைப் பற்றியும் காம்பின் நீளத்தைப் பற்றியும் யாரும் விசாரிப்பதில்லை.

இவ்வளவும் முதலாளிகளைப் பற்றியது என்று வாசகர் நிம்மதி அடைய வேண்டாம். சட்டம் எட்டிப்பார்க்காத ஒரு வேலைத்தலம் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறது. தென்னந்துடைப்பமும் பூந்துடைப்பமும் இன்றைக்கும் குட்டையாகவே விற்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டு வேலைக்கு வரும் பெண், ஒரு நாளில் நாலைந்து வீடுகளின் தரையைக் குனிந்தே பெருக்குகிறாள், குந்தி உட்கார்ந்து துடைக்கிறாள். நின்றபடி பெருக்கினால் மூலையில் தூசி நிற்கும், கையால் துடைத்தால்தான் சுத்தம் என்று நாம் சொல்லும் நியாயம், நீண்ட காம்பு வந்தால் லெட்டூஸ் வெட்டுப்படும் என்று சலினாஸ் நிலச்சொந்தக்காரர்கள் சொன்ன நியாயத்தைப் போன்றதே. அவள் வேலை முடிந்து ஐந்து நிமிஷம் இளைப்பாற நினைத்தால், நம் கூடத்து நாற்காலியில் உட்காருகிறாளா, வாசற்படியில் உட்காருகிறாளா என்பதையும் நாமே அறிவோம்.

ஆகையால் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஜவுளிக்கடைக்குப் போகும்போது, உட்கார்ந்திருக்கும் பணிப்பெண்ணைப் பற்றி மேலாளரிடம் குறை சொல்லாதீர்கள். நிற்பவளிடம், “உட்கார்ந்துகொண்டே எடுத்துக் காட்டும்மா” என்று மேலாளர் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்லுங்கள். வீட்டுக்கு நீண்ட பிடியுள்ள துடைப்பமும், நின்றபடி துடைக்கும் மாப்பும் இந்த வாரமே வாங்கி வையுங்கள். வேலைக்கு வருகிறவருக்கு எந்த உயரம் வசதி என்று அவரையே கேட்டு வாங்குங்கள்.